பாக்கியம் அக்கா சிரித்த படம்

1

இலங்கையில், எங்கள் ஊர் கந்தப்பளையில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் என் தம்பி அந்தோணி, "அக்கா நோர்வேயில போட்டோ புடிக்கிறாங்க" என்று சொல்லிவிடுகிறான். ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்தி வருவதற்குள் பேச்சை முடிக்க வேண்டும், அதனால் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் படம் பிடிப்பதில்லை. படம் பிடிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை.

நான் இருக்கும் ஊர் ட்ரம்மன். ஆற்றின் இரண்டு கரையையும் ஒட்டிக்கொண்டு கிடக்கிற சின்ன நகரம். ரயில் நிலையத்தில் இறங்கி, பாலம் தாண்டி, அந்தக் கரையில் இருக்கும் சிவப்புச் செங்கல் தேவாலயத்துக்குப் போகக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரை முழுக்கக் கடதாசி ஆலைகள். மரத்தைக் கூழாக்கிவிட்டுக் கழிவை ஆற்றில்தான் விடுவார்களாம். ஊரே நாறும் என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் கேலி செய்வார்களாம். ஆலைகள் மூடிய பிறகு ஆற்றைச் சுத்தம் செய்து, கரையோரம் நடைபாதை போட்டு, பழைய கட்டடங்களில் நூலகமும் கல்லூரியும் வைத்துவிட்டார்கள். இப்போது அதே தண்ணீரில் சால்மன் மீனுக்குத் தூண்டில் போடுகிறார்கள். துறைமுகத்தில் மட்டும் பழைய சத்தம் மிச்சம் இருக்கிறது. கப்பலில் வந்த புதுக் கார்களை இறக்கி வரிசை வரிசையாக நிறுத்துவார்கள். என் கணவருக்கு அங்கேதான் வேலை.

நான் வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். மாலையில் அதே கட்டடத்தில் பெரியவர்களுக்குப் புகைப்பட வகுப்பு நடக்கும். தரையைத் துடைத்து முடித்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அப்படி ஆரம்பித்தது இது. நகரத்தில் 'கேமராவோடு ஒரு நடை' என்று சுற்றுலாப் பயணிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடத்துவார்கள். அதற்கு வழிகாட்டி தேடினபோது விண்ணப்பித்தேன். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த ஊர் அலுவலகங்களில் என்னைச் 'சவரிமுத்து' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் அப்பா வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

முதல் நடையிலேயே மானம் போனது. இவர்களுடைய மொழியில் வெளிச்சத்துக்கு ஒரு சொல், பேனுக்கு ஒரு சொல். இரண்டுக்கும் உதட்டைக் குவிக்கும் விதத்தில்தான் வித்தியாசம். நடைப்பாலத்தின் நடுவில் நின்று, "சாயங்காலத்தில் இங்கே பேன் மிக அழகாக இருக்கும், அவசரப்படாமல் காத்திருந்து எடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள். ஒரு அம்மா மட்டும் தலையை லேசாகச் சொறிந்தார்.

ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் நான் சொல்ல வேண்டிய விதி ஒன்று உண்டு. சுவரை எடுங்கள், பாலத்தை எடுங்கள், தூரத்தில் போகிற கூட்டத்தை எடுங்கள். ஒரு மனிதரைத் தனியாக, முகம் தெரிய எடுத்து ஊருக்குக் காட்டப் போகிறீர்கள் என்றால் அவரிடம் கேளுங்கள். இது நானாகச் சொல்வதில்லை, சட்டமே அப்படித்தான்.

2

என் மகள் மெர்லினுக்கு இப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் அவள் நொஸ்க்கில், அதாவது இந்த ஊர் மொழியில், பதில் சொல்வாள். சின்ன வயதில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். அங்கே பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். ஒரு நாள் வந்து, "அம்மா, 'பேசுறோம்' இல்லையாம், 'கதைக்கிறம்' தான் சரியாம். நீங்க பிழையான தமிழ் சொல்லித் தந்திட்டீங்க" என்றாள். அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. நான் போய்ப் பேசினபோது, "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்டார். நுவரெலியாப் பக்கம் என்றேன். "ஓ, தோட்டமோ?" என்றார். ஆமாம், தேயிலைத் தோட்டம்தான். அதற்குப் பிறகு மெர்லின் இரண்டு தமிழையும் விட்டுவிட்டாள்.

3

ஓலாவ், இங்கர் என்று ஒரு தம்பதி. இருவரும் ஓய்வு பெற்றவர்கள். ஓலாவ் இந்த ஊர்ப் புகைப்படச் சங்கத்தின் செயலாளர். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் என் நடைகளில் பாதி அந்தச் சங்கத்துக்காக நடப்பவை. (இங்கே வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் ஒருவரையொருவர் 'நீ' என்பார்கள். எழுதும்போது எனக்குக் கை வரவில்லை, அதனால் 'நீங்கள்' என்றே போடுகிறேன்.)

போன கோடை முடிகிற நேரம், ஒரு நடை முடிந்து எல்லாரும் கலைந்தபோது ஓலாவ் கேட்டார். "நீங்கள் இலங்கையில் தேயிலை மலைப் பக்கம் என்று இங்கர் சொன்னாளே. நாங்கள் அங்கே போயிருக்கிறோம். என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த சிறந்த படம் அங்கேதான் எடுத்தது. வந்து பாருங்கள்."

போனேன். மரவீடு, சுத்தமான கூடம், ஜன்னல் வழியாக ஆறு தெரிந்தது. சோபாவுக்கு மேலே சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம். கொழுந்து எடுக்கிற ஒரு பெண். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் சாக்குப் படங்கு, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. ஒரு கையில் கொழுந்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. பின்னால் பனி விலகுகிற மலை.

நல்ல படம். அதை மறுக்க முடியாது. ஆனால் என் கண் அவள் முகத்தில் நிற்காமல் பின்னால் போய்விட்டது. மலைக்கு அடியில் மஞ்சள் அடித்த மாரியம்மன் கோயில். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் அந்தக் கோயிலுக்குப் போவோம், சர்பத் குடிக்க.

"எனக்கு இந்த இடம் தெரியும்" என்றேன்.

ஓலாவ் அப்படியே எழுந்துவிட்டார். அக்டோபரில் நூலகத்தில் சங்கத்தின் கண்காட்சி இருக்கிறதாம். இந்தப் படத்தைத்தான் வாசலில் பெரிதாக வைக்கப் போகிறார்களாம், சுவரொட்டியிலும் போடுவார்களாம். "இவருடைய பெயர் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! படத்துக்குக் கீழே பெயர் போடலாம். கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

4

கைபேசியில் படத்தை எடுத்து அந்தோணிக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே கூப்பிட்டான்.

"அக்கா, இது நம்ம பாக்கியம் அக்கா. அந்தத் தோட்டத்து மேல் டிவிசன். வேலைய விட்டுட்டாங்க, இப்ப வீட்டுலதான் இருக்காங்க. நான் அவங்க வாசல்லதான் நிக்கிறேன். பேசுறீங்களா?"

நான் அப்போது சமையலறையில் இருந்தேன், கையெல்லாம் மாவு. மெர்லின்தான் கைபேசியை எடுத்துப் பிடித்தாள். திரையில் அறுபது கடந்த ஒரு முகம் வந்தது. படத்தில் இருந்த அதே பெரிய பல்வரிசை, முன்னால் ஒன்று இல்லை.

"யாரு புள்ள நீ?" என்றார் பாக்கியம் அக்கா.

மெர்லின் என்னைப் பார்த்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவளே தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "நான்... ஜெசிந்தா மகள்."

"எந்த ஜெசிந்தா?"

"சவரிமுத்து."

"அட! ஸ்டோர் சவரிமுத்து பேத்தியா நீ?" தேயிலை அரைக்கிற ஆலையைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். "உங்க தாத்தா என் கல்யாணத்துல மத்தளம் அடிச்சாரு, தெரியுமா? ஆத்தாடி, மூக்கு அப்பிடியே அவரு மூக்கு."

மெர்லின் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் கைபேசியை வாங்கினேன்.

ஓலாவைப் பற்றி, படத்தைப் பற்றி, கண்காட்சியைப் பற்றி எல்லாம் சொன்னேன். அந்தோணி ஏற்கெனவே படத்தைக் காட்டியிருந்தான். அவருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது.

"கொழுந்த யாராச்சும் மூஞ்சிக்கு நேரா புடிப்பாங்களா? அந்த ஐயாதான் அப்பிடி நிக்கச் சொன்னாரு. கூட வந்த கைடு சிங்களத்துல சொல்ல, நான் நின்னேன்."

"சிரிக்கிறது நல்லா இருக்குதுங்க அக்கா."

"அதுவா? அவரு அரைக்கால் சட்ட போட்டிருந்தாரு. கால் ரெண்டும் உரிச்ச கோழி மாதிரி. பக்கத்து நெரையில நின்ன என் நாத்தனாரு, 'அண்ணி, அட்டைக்கு இன்னைக்கு விருந்து'ன்னா. அதுக்குத்தான் சிரிச்சேன்."

அந்தோணி சிரிக்கிற சத்தமும் கேட்டது. மெர்லினுக்குப் பாதி விளங்கவில்லை. அட்டை என்றால் என்ன என்று கேட்டாள், மழையில் காலில் ஏறி இரத்தம் குடிக்கிறது என்றேன். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அந்தப் படத்த ஊர் மக்கள் எல்லாம் வந்து பாக்குற எடத்துல வைக்கப் போறாங்க. வைக்கலாமாங்க?"

"வேணாம் தங்கச்சி."

"ஏங்க?"

"நான் போட்டிருக்குற சட்ட எங்க வீட்டுக்காரரோடது. தோள்பட்டையில கிழிஞ்சிருக்கு, நல்லாப் பாரு. அன்னைக்கு அவரு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. தைக்க நேரமில்லாம போட்டுட்டுப் போனேன். அடுத்த மாசம் போய்ச் சேந்துட்டாரு. அவங்க வீட்டுல மாட்டுனத கழட்டுன்னு நான் சொல்லல. ஊரு கூடுற எடத்துல அந்தக் கிழிசலோட என்னைய நிறுத்தாதீங்க. பேர் போட வேணவே வேணாம்."

பிறகு குரல் மாறியது. "வேற நல்ல படம் தர்றேன். அத வைக்கச் சொல்லு."

அன்று மாலையே அந்தோணி அனுப்பினான். ஊதாச் சேலை, புதுத் தோடு, பக்கத்தில் பேரனுடைய மோட்டார் சைக்கிள். பாக்கியம் அக்கா சிரிக்காமல், அடையாள அட்டைக்கு எடுப்பது போல நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

5

நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். என் கணவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. "உனக்கு எதுக்கு இந்த வம்பு? 'தேடுனேன், கெடைக்கல'ன்னு சொல்லிட்டுப் போ. அந்தச் சங்கம் இல்லாட்டி உனக்கு நடையே இல்ல. பாக்கியம் அக்கா இங்க வந்து பாக்கவா போறாங்க?"

மெர்லின் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கேட்கிறது என்று நாங்கள் நினைக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு நொஸ்க்கில் சொன்னாள். "அப்போ அம்மா பாலத்தில் நின்று எல்லாருக்கும் சொல்கிற விதி நோர்வேக்காரர்களுக்கு மட்டும்தானா?"

அடுத்த நாள் ஓலாவின் வீட்டுக்குப் போனேன். பெயரைச் சொன்னேன், சொன்ன கையோடு பெயர் போடக்கூடாது என்றும் சொன்னேன். கண்காட்சியில் அந்தப் படம் வேண்டாம் என்கிறார் என்றேன்.

"ஆனால் அவர் சிரிக்கிறாரே" என்றார் ஓலாவ். "விருப்பம் இல்லாதவர் அப்படிச் சிரிப்பாரா?"

எதற்குச் சிரித்தார் என்பதையும் சொன்னேன், கோழிக்கால், அட்டை எல்லாம். இங்கர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஓலாவ் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இலங்கையில் எடுத்தது. அங்கே இந்தச் சட்டம் இல்லை."

"இல்லாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நீங்கள் ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னீர்கள், கண்டுபிடித்துக் கேட்டேன். வேண்டாம் என்றார்."

சட்டையைப் பற்றியும் அவருடைய வீட்டுக்காரரைப் பற்றியும் கடைசியாகத்தான் சொன்னேன். அதைச் சொல்வதற்கு எனக்கு அனுமதி இருந்ததா என்று இன்னமும் சந்தேகமாக இருக்கிறது. இங்கர் எழுந்து போய்ப் படத்துக்கு அருகில் நின்று தோள்பட்டையைப் பார்த்தார். இத்தனை வருடம் தினமும் பார்த்த படம். "ஆமாம், கிழிந்திருக்கிறது" என்று மெல்லச் சொன்னார்.

ஊதாச் சேலைப் படத்தை நீட்டினேன். ஓலாவ் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நான் எடுத்த படம் இல்லையே" என்றார். சங்கத்து உறுப்பினர்கள் எடுத்த படம் மட்டும்தான் வைக்கலாம். அதுவும் சரிதான்.

அக்டோபரில் கண்காட்சிக்குப் போனேன். பாக்கியம் அக்கா இல்லை. ஓலாவின் பெயருக்குக் கீழே, பழைய கடதாசி ஆலையின் துருப்பிடித்த ஏணி ஒன்று இருந்தது. வாசலில் வேறு யாரோ எடுத்த பனி மூடிய பாலம். எனக்கு நெஞ்சு லேசானது. ஆனால் வசந்த காலத்துக்கான நடைகளைச் சங்கம் அந்த மாதமே பதிவு செய்துவிடும். அந்த முறை செய்யவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் கோபத்துக்குச் சத்தம் கிடையாது. தோட்டத்தில் என்றால் குழாயடியில் நின்று நாலு பேர் கேட்கத் திட்டிவிட்டு, மறுநாள் அதே குழாயடியில் குடத்தைத் தூக்கிவிடுவார்கள். இங்கே மின்னஞ்சல் வராது, அவ்வளவுதான்.

6

பனிக்காலத்தில் வேலை குறைந்துவிட்டது. மொழி வகுப்பில் படிக்கும் பெண்களுக்கு ஒரு நடை நடத்தலாமா என்று நகராட்சியில் கேட்டேன். சரி என்றார்கள். எரித்திரியா, சிரியா, உக்ரைன் என்று பல இடத்திலிருந்து வந்த பெண்கள். யாரிடமும் கேமரா இல்லை, கைபேசிதான். சங்கத்துக்காரர்கள் துருவையும் சுவரையும் தேடித் தேடி எடுப்பார்கள். இவர்கள் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் நிற்க வைத்து எடுத்தார்கள். கோட்டைக் கழற்றச் சொல்லி, முடியைச் சரிசெய்து, "இன்னொன்று, இன்னொன்று" என்று குளிரில் நடுங்கிக்கொண்டே எடுத்தார்கள். ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். நான் வெளிச்சத்தைப் பற்றி வைத்திருந்த பாடம் எதற்கும் உதவவில்லை. அந்த நடையில் ஒரு நாள் மெர்லினும் வந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை, வீட்டில் இணையம் போய்விட்டது, அதனால்தான் வந்தாள்.

பாலத்தின் மறுமுனையில் இங்கர் நின்றிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

"பிப்ரவரியில் இலங்கைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம்" என்றார். "ஓலாவுக்கு உங்களிடம் கேட்க வெட்கம். அந்த அம்மாவின் வீட்டுக்கு நாங்கள் போகலாமா? படம் எடுக்க இல்லை. சும்மா போய்ப் பார்க்க. கேட்டுச் சொல்வீர்களா?"

அங்கேயே கூப்பிட்டேன். பாக்கியம் அக்கா யோசிக்கவே இல்லை.

"வரட்டும், வரட்டும். ஆனா எந்த நாளுன்னு முன்னாடியே சொல்லச் சொல்லு. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்."

7

அவர்கள் போன அன்று நான் கைபேசியை விட்டு நகரவில்லை. அந்தோணிதான் நுவரெலியாவிலிருந்து அவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் மழை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் இறங்கினபோது ஓலாவ் முழுக்கால் சட்டை போட்டிருந்தாராம். அதை அந்தோணி மூன்று முறை சொன்னான்.

பாக்கியம் அக்கா இருவரையும் உட்காரவைத்துப் பால்மாத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார், ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வைத்திருக்கிறார். இங்கருக்கு உறைப்பில் கண்ணீர் வந்துவிட்டது. அந்தோணிக்குத் தெரிந்த இங்கிலீசில் பேச்சு நடந்திருக்கிறது, அது அவ்வளவு தூரம் போகாது. ஓலாவ் பையிலிருந்து ஒரு சட்டம் போட்ட படத்தை எடுத்தாராம். சுவரில் இருந்த அதே படம்தான், சின்ன அளவில், முகம் மட்டும். தோளுக்கு மேலேயே வெட்டியிருந்தார். பாக்கியம் அக்கா அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து, வீட்டுக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாராம்.

"அதுக்கப்புறம் அந்த ஐயா கேமராவ வெளியில எடுக்கவே இல்ல அக்கா" என்றான் அந்தோணி. "பையில இருந்திச்சு, நான் பாத்தேன். கிளம்புற நேரம் பாக்கியம் அக்காவே கேக்குறாங்க, 'என்னாங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு படம் புடிக்காம போறீங்க?'ன்னு. நான் சொன்னதும் அவரு மொகத்த பாக்கணுமே!"

ஊதாச் சேலை மாற்றி வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்களாம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள், மருமகள், பேரன், அட்டைக்கு விருந்து என்று சொன்ன அந்த நாத்தனார் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஓலாவ் கேமராவைத் தூக்கி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்ட ஆரம்பித்ததும் பாக்கியம் அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "நீங்களும் வந்து நில்லுங்க" என்று இழுத்து நடுவில் தன் பக்கத்தில் நிறுத்தி, இங்கரை அந்தப் பக்கம் நிறுத்தி, "தம்பி, நீ எடு" என்று கேமராவை அந்தோணியிடம் கொடுக்கச் சொன்னாராம்.

அந்தோணி எடுத்த படம் எனக்கும் வந்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் பாதி முகம் இல்லை. மழை விட்டு அப்போதுதான் வெயில் அடித்திருக்கிறது, எல்லாருக்கும் முகத்துக்கு நேரே. வகுப்பில் எடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்த எல்லாமே அதில் இருக்கிறது. மெர்லின் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "இதில் யார் யார் எனக்குச் சொந்தம்?" என்று தமிழில் கேட்டாள். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இரவுச் சமையல் முடிவதற்குள் பாக்கியம் அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மெர்லின்தான் போட்டுக் கேட்டாள்.

"தங்கச்சி, படம் வந்திச்சு. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அந்த ஐயா மட்டும் கண்ண மூடிட்டாரு. இன்னொரு தடவ வரச் சொல்லு."